ஆறு வீட்டுச் சோதனை

ஏகாம்பரத்தின் பேச்சை யாராவது எடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் பழைய ஆர்.கே.புரம் ஆசாமிகள் நாலைந்து பேர் இருக்கிறோம். எல்லாரும் ரிட்டயர் ஆனவர்கள், வேலைவெட்டி கிடையாது. சாயங்காலம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்: பாவம் அந்த லேப்காரர், பெண் போன துக்கத்தில் புத்தி பேதலித்து ஊருக்கே போய்விட்டாராமே என்று. பேதலிக்கவில்லை ஐயா. தில்லியை விட்டுப் போன நாள் வரைக்கும் அவன் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்ததுதான் கொடுமை. அதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

அவனுக்கு வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம். எனக்கு லால்குடி. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு 1969இல் தில்லிக்கு வந்து, பீங்கான் பொருள்களை ஆராய்கிற ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலையில் சேர்ந்தான். நான் ஐந்து வருஷம் கழித்து அதே இடத்தில் ஸ்டோர் கிளார்க்காக வந்தேன். பாட்டில், பொடி, ஆசிட், பஞ்சு என்று எல்லாம் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அதனால் அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஜகந்நாதன் என்று ஒரு பேர் எனக்கு இருப்பது அவனுக்குத் தெரியுமா என்றே சந்தேகம். "இன்னா ஸ்டோர்ஸ்" என்பான். என் மனைவி லீலாவதியிடமும் "ஸ்டோர்ஸ் இருக்காராம்மா?" என்றுதான் கேட்பான்.

குடுவை கழுவியவன் இருபது வருஷத்தில் டெக்னீஷியன் ஆனான். யாரையும் காக்காய் பிடித்து ஆகவில்லை. கையில் இருந்த சுத்தத்தால் ஆனான். கிருமி வளர்க்கிற தட்டுகளை அவனைப் போல ஊற்ற அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. அகர் என்று ஒரு பொடி, கடல்பாசியிலிருந்து எடுப்பது. அதைச் சத்துச் சரக்கோடு தண்ணீரில் காய்ச்சி, உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால் ஜெல்லியாக உறையும். கிருமிக்கு அதுதான் சாப்பாடு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பரப்பிக் கதகதப்பான பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் தண்ணீரில் எத்தனை கிருமி இருந்ததோ அத்தனை புள்ளி தட்டில் நிற்கும். ஏகாம்பரம் தட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, உதட்டை அசைத்து எண்ணுவான். சுமார் நாற்பது என்று அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நாற்பத்து மூன்று என்றால் நாற்பத்து மூன்றுதான். பெரிய டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

தொண்ணூற்றெட்டில் டாக்டர் மாத்துர் என்று ஓர் அம்மாள் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். லக்னோக்காரர், நல்ல மனுஷி, ஏகாம்பரத்தை 'ஜி' போட்டுத்தான் கூப்பிடுவார். எலும்பில் இருக்கிற சுண்ணாம்பு உப்பை லேபிலேயே தயார் செய்து, அதில் சுண்ணாம்பு உட்கார வேண்டிய இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு உலோகத்தைப் புகுத்துவது அவருடைய வேலை. துகள் ஒவ்வொன்றும் சாதா மைக்ராஸ்கோப்பில்கூடப் பிடிபடாத பொடி. அப்போதுதான் நானோ என்ற சொல் எங்கள் காரிடாரில் புழங்க ஆரம்பித்தது. பியூன்கூட நானோ என்றான். செம்பு ஏற்றிப் பார்த்தார்கள், துத்தநாகம் ஏற்றிப் பார்த்தார்கள், கடைசியில் வெள்ளிதான் நின்றது. சில்வர் நைட்ரேட் பாட்டில் என் அலமாரியில் பூட்டுக்குள் இருக்கும். அது பட்ட தோல் கறுத்துப்போகும். நாலைந்து வருஷம் ஏகாம்பரத்தின் விரல் நுனிகள் கறுப்பாகவே இருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒருமாதிரிப் பார்த்து ஒதுங்குவதை நானே கவனித்திருக்கிறேன். அவன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் காலையில் ஸ்டோருக்கே வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். தட்டு முழுக்கக் கிருமி, பால் ஆடை மாதிரி படர்ந்திருந்தது. நடுவில் வெள்ளி ஏற்றிய பீங்கான் வில்லை ஒன்று, சட்டைப் பொத்தான் அளவு. அதைச் சுற்றி மட்டும் ஒரு வளையம், பளிச்சென்று காலியாக.

"இன்னா தெரியுது சொல்லு" என்றான்.

ஒன்றும் தெரியவில்லையே என்றேன்.

"அதான். அங்க ஒண்ணுமே இல்ல பாத்தியா? பதினாலு மில்லிமீட்டருக்கு ஒரு பூச்சி கிடையாது. அத்தினியும் காலி."

அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மகள் பிறந்தபோது. ஒரே மகள், தமிழ்செல்வி. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. "அப்பா, ஜல்தி வாங்கோ" என்று பாதி இந்தியில் பேசுவாள். பி.காம். முடித்தாள், இரண்டாயிரத்து ஒன்றில் ஜபல்பூரில் ராணுவக் கணக்குப் பிரிவில் இருந்த சிவகுமாருக்குக் கட்டிக்கொடுத்தான். அவள் போன பிறகு வீடே ஊமையாகிவிட்டது என்று அவன் மனைவி பவுனு எங்கள் வீட்டில் வந்து அழுவாள்.

இனிமேல் சொல்லப்போவதை நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரியில் அந்த வெள்ளித் தூளைத் தண்ணீர் வடிகட்டுகிற கேண்டிலில் பூசிவிட்டார்கள். வீட்டு ஸ்டீல் ஃபில்டருக்குள் இருக்குமே, வெள்ளைக் குழவி மாதிரி, அதே கேண்டில்தான். லேபில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது கிருமி காலி. வீட்டில் வைத்து ஆறு மாதம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் மாத்துர். ஸ்டாஃபில் ஆறு பேர் வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆறு வீடும் ஆர்.கே.புரத்தில் ஒரே செக்டாரில், ஒரே மேல்தொட்டித் தண்ணீர் குடிக்கிற குவார்ட்டர்ஸ். அப்போதுதானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஏகாம்பரத்தின் வீடு ஒன்று. அவன் வற்புறுத்தி என் வீட்டையும் சேர்த்துவிட்டான். ஒரு படிவம் கொடுத்தார்கள். ஃபில்டர் தண்ணீரைக் காய்ச்சக் கூடாது, அப்படியே குடிக்க வேண்டும், திங்கட்கிழமை தோறும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் எழுத வேண்டும்.

நான் படிவத்தைக் கொண்டுவந்து லீலாவதியிடம் படித்துக் காட்டினேன். அவள் பருப்பு களைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கொதிக்கிறது என் கண்ணுக்குத் தெரியறது. உங்க வெள்ளி தெரியலை. ஃபில்டர்ல ஊத்தறேன், வேண்டாங்கலை. ஆனா காய்ச்சித்தான் குடிக்கக் குடுப்பேன்" என்றாள்.

நானும் கத்திப் பார்த்தேன். ஆபீஸ் விஷயம், கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று குதித்தேன். காலேஜ் போகிற பையன் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். என் பேச்சு என்றைக்கு அந்த வீட்டில் எடுபட்டது? அவள் பாட்டுக்கு ஃபில்டரில் வடித்து, பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கூஜாவில் ஊற்றினாள். திங்கட்கிழமை பாட்டிலையும் அதிலிருந்தே நிரப்பிக் கொடுத்தாள். நான் அதை வாயை மூடிக்கொண்டு ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். படிவத்தில் 'நேராகக் குடிக்கிறோம்' என்ற இடத்தில் டிக் போட்டேன். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் பெயரை அடித்துவிட்டு வேறு வீட்டைப் போட்டிருப்பார்கள். ஏகாம்பரம் ஒரு மாதம் கேலி செய்திருப்பான். பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்று லேப் முழுக்கப் பரப்பியிருப்பான். இந்த அற்பக் காரணத்துக்குத்தான் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இருந்ததில்லை.

ஏகாம்பரம் வீட்டில் அப்படி இல்லை. பவுனு கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு அலுமினிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தவள். ஏகாம்பரம் கேண்டிலைக் கொண்டுவந்து மாட்டிய அன்றைக்கே அண்டாவைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டான். அவள் கவிழ்த்துவிட்டாள். அவன் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது. லேபில் வேலை பார்க்கிற மனுஷன், கிருமியை எண்ணுகிற மனுஷன், அவனுக்குத் தெரியாததா என்று நினைத்தாள். திங்கட்கிழமை தோறும் ஆறு வீட்டுத் தண்ணீரையும் அவனே தட்டில் பரப்பி, செவ்வாய்க்கிழமை எண்ணி, ரெஜிஸ்டரில் எழுதுவான். சைபர், சைபர், சைபர். என் வீட்டுத் தட்டும் சைபர்தான். கொதிக்கவைத்த தண்ணீரில் வேறென்ன இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் தமிழ்செல்வி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். மே மாதக் கடைசியில் ஏழாம் மாதத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலேயே வளைகாப்பு. மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, ஹாலில் ஜமுக்காளம் விரித்து, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பமெல்லாம் கூடி, தில்லி வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். பெண்ணுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். முகம் நன்றாகப் பூரித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஸ்டோர்ஸ் மாமா, அப்பா எனக்கு ஃபில்டர் பத்தி லெக்சர் குடுத்து போர் பண்றார்" என்றாள்.

சாப்பாடு முடிந்து நான் கை கழுவப் போனபோது சமையல் கட்டில் பவுனு மட்டும் இருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், அவருகிட்ட சொல்லிராதீங்க. உங்க வூட்ல அந்த ஃபில்டர் தண்ணிய அப்பிடியேதான் குடிக்கிறீங்களா? புள்ளத்தாச்சிப் பொண்ணு வந்திருக்குது. எனக்கு மனசே கேக்கல. காய்ச்சிக் குடுக்கலாம்னு பாக்கறேன்."

நான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "அப்படியேதான் குடிக்கறோம்மா. மூணு மாசமா. ஒரு தும்மல்கூட இல்லை."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? படிவத்தில் எழுதியதைத்தானே வாயால் சொல்கிறேன் என்கிற மாதிரி வந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது. லீலாவதி அக்காவே குடிக்கிறாங்கன்னா சரி என்றாள். லீலாவதி எதையும் லேசில் நம்பமாட்டாள் என்பது செக்டார் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் பவுனு புருஷனிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள். தமிழ்செல்வியின் உயிர் அன்றைக்கு அந்தச் சமையல் கட்டில் என் வாயில் இருந்தது. நான் கையைத் துடைத்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொள்ள ஹாலுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் நடுவில் ஒரு புயல் மழை அடித்தது. அதற்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் குழாயில் வந்த தண்ணீரில் சாக்கடை வாடை. எங்கேயோ பைப் விரிசல் விட்டுக் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள். லீலாவதி அந்த மூன்று நாளும் இரண்டு தடவை காய்ச்சினாள். ஏகாம்பரம் என்ன செய்தான் என்றால், திங்கட்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், ஃபில்டர் தண்ணீர் ஒரு பாட்டில் என்று தன் வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு வந்தான். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். குழாய்த் தட்டில் எண்ண முடியவில்லை, ஒரே கம்பளம். ஃபில்டர் தட்டில் ஒன்றுமில்லை. அவனுக்குக் கண் கலங்கியே விட்டது. "என் பொண்ணு இத்தக் குடிச்சிருப்பா பாரு" என்று குழாய்த் தட்டைக் காட்டினான். பிறகு மற்றதைக் காட்டி, "இத்தத்தான் குடிக்கிறா" என்றான்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். என் வீட்டில் இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறோம், எதற்கும் நீயும் காய்ச்சு என்று. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அதுவும் பொய். எனக்கு அது தோன்றவே இல்லை. நானும் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, வெள்ளி வெள்ளிதான், லீலாவதிக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஜூலை பாதியில் செக்டாரில் அங்கங்கே மஞ்சள் காமாலை என்று பேச்சு வந்தது. பக்கத்து ப்ளாக்கில் இரண்டு பேர், பால் பூத் நடத்துகிறவன் ஒருத்தன். கீழாநெல்லி தேடி அலைந்தார்கள், மோரும் கஞ்சியுமாகக் குடித்தார்கள், பத்துப் பதினைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். தமிழ்செல்விக்கு முதலில் வெறும் வாந்திதான். ஒன்பதாம் மாதம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். மறுநாள் காலையில் சிவகுமார் வந்து இறங்கியபோது அவனைத் தெரியவில்லை. வயிற்றுப் பிள்ளை மதியமே போய்விட்டது. அவள் இன்னும் இரண்டு நாள் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். ஜூலை இருபத்தாறாம் தேதி அதுவும் நின்றது. இருபத்தைந்து வயது. கையில் அந்த வளையல்கள் இருந்தன. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பவுனு வாங்கிக்கொள்ளவே இல்லை.

டாக்டர் பையன் ஒருவன், சின்ன வயசு, எங்களை வராந்தாவில் நிற்கவைத்துச் சொன்னான். இது தண்ணீரில் வருகிற வைரஸாம், மற்றவர்களுக்கு வந்தால் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுமாம், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வந்தால் கல்லீரலையே தின்றுவிடுமாம். பெரியவர்கள் நிறையப் பேருக்கு எப்போதோ வந்து போயிருக்கும், அதனால் அம்மா அப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றான். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தீர்களா என்று கேட்டான். ஏகாம்பரம் அவனிடம் கேண்டிலைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்றான், சைபர் என்றான். அந்தப் பையன் பாதியில் வேறு யாரோ கூப்பிட்டுப் போய்விட்டான். இவன் காலியான வராந்தாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே நின்றான். நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

காரியம் முடிந்து மூன்றாம் வாரம் வேலைக்கு வந்ததும் நேராக டாக்டர் மாத்துர் அறைக்குப் போனான். நான் கதவருகில் நின்றேன். அந்த அம்மாள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மெதுவாக இந்தியில் சொன்னார். நாம் சோதித்தது பாக்டீரியாவை மட்டும்தான் ஏகாம்பரம்ஜி, வைரஸ் வேறு ஜாதி, அது உங்கள் தட்டில் வளரவே வளராது, அது இருந்தாலும் தட்டு சைபர்தான் காட்டும். திட்ட அறிக்கையில் பாக்டீரியா என்றுதான் எழுதியிருந்தேன், நீங்கள் படித்தீர்களே என்றார். அவன் படித்துத்தான் இருந்தான். பாக்டீரியா என்று இருந்ததைக் கிருமி என்று படித்திருந்தான். முப்பது வருஷமாகத் தட்டில் தெரிவதுதான் அவனுக்குக் கிருமி. தட்டில் தெரியாதது இல்லாதது.

மூன்று வாரம் விட்டுப்போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை தன் வீட்டு பாட்டிலைக் கொண்டுவந்தான். பரப்பினான். செவ்வாய்க்கிழமை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தான். சைபர் என்று எழுதினான். ஆகஸ்டில் ஆறு மாதம் முடிந்து கடைசிப் படிவம் வந்தது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அது உண்மைதானே. காமாலைக்கு அதில் இடமே கிடையாது. ஆறு வீடும் வெற்றி என்று கணக்காயிற்று. அதில் என் வீடும் ஒன்று.

அதற்குப் பிறகு அவன் தட்டு ஊற்றவில்லை. வந்து உட்கார்ந்திருப்பான். தானாக ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தான். நான் அவனைத் தவிர்க்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தேன். ராத்திரி சாப்பிடும்போது லீலாவதி டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவளுக்குப் பவுனு என்னிடம் கேட்டது தெரியாது. நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் அவர்கள் வாலாஜாபாத்துக்கே போகிறார்கள் என்று தெரிந்ததும், ஸ்டேஷனுக்கு மட்டும் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். லீலாவதி கேட்கவில்லை. வழிக்குப் புளியோதரை கட்டி, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று காலையிலேயே துரத்திவிட்டாள்.

வீட்டில் சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. ஏகாம்பரம் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். பவுனு தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாயைத் தட்டிப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். புளியோதரைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்களே அவருக்கு எடுத்துச் சொல்லுங்கண்ணா. தண்ணியாலதான் போச்சு, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கினே கெடக்கறாரு. ஏழு மாசமா ஒரு வாய் ஒழுங்கா துன்றதில்ல. தண்ணி இல்லண்ணா. நான்தான். மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கினு போனேன், கரும்பு ஜூஸ் வேணும்னுச்சு. வாய் கேக்குதேன்னு ரெண்டு தபா வாங்கிக் குடுத்தேன். ஐஸ் போட்டான். அந்த ஐஸ் எந்தத் தண்ணியோ. தண்ணினா உங்க வூட்லயும் வந்திருக்கணுமே."

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் தலையை நிமிர்த்தினான். லேபில் ஒரு கணக்கு இடித்தால் அவன் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆயிற்று. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவன் கண்ணில் ஒரு உயிர் வந்ததைப் பார்த்தேன்.

"ஸ்டோர்ஸ்" என்றான். "நெஜத்த சொல்லணும். அந்த ஜூன் மாசம், வாடை வந்த மூணு நாளும், உங்க வூட்ல அந்த ஃபில்டர் தண்ணியக் காய்ச்சாமதான் குடிச்சீங்களா? மூணு பேரும்?"

இதோ, கேட்டுவிட்டான். இல்லை என்று சொன்னால் தண்ணீர்தான் என்று ஆகும். அவன் கைதான் என்று ஆகும். என் வாய்தான் என்றும் ஆகும். அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே கதை விட்டிருக்கிறேன். அவனை நான் அந்தக் கணத்தில் நினைக்கவே இல்லை. பவுனு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"ஆமா. காய்ச்சாமத்தான் குடிச்சோம்" என்றேன்.

அவன் தலையை மெல்ல ஆட்டினான். உதடு அசைந்தது.

"அப்ப தண்ணி இல்ல" என்றான்.

பிறகு திரும்பிப் பவுனுவைப் பார்த்தான். முப்பது வருஷத்தில் அவளை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் கையிலிருந்த சொம்பைச் சாக்குக்குள் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அதத்தான நானும் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாள்.